இனிக்கும் பொய்யும் வரலாற்று அமானிதமும்

வரலாற்றை நேசிக்கும் ஒருவர், வரலாற்றை மாற்றிச் சொல்லும் ஒரு திரைப்படத்தைப் பார்த்து மகிழலாமா? பார்ப்பதற்குச் சிறிய கேள்விதான். பொழுதுபோக்கிற்காகப் பார்க்கும் படத்திற்கு நியாய விசாரணை எதற்கு என்று கேட்போரும் உண்டு. ஆயினும் இக்கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது. சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியைப் பற்றி நம் இல்லத்துப் பிள்ளை ஒன்று இன்று ஏதேனும் அறிந்திருக்குமானால், அந்த அறிவு ஏட்டிலிருந்து வந்திருப்பதைவிடத் திரையிலிருந்து வந்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. படம் பார்த்தவர் நெஞ்சில் பதிந்த முகத்தைப் பின்னர் படிக்கும் எந்த நூலும் எளிதில் அழிப்பதில்லை. ஆகவே, இடைக்கால வரலாற்றைப் பெருங்காவியமாக எடுத்துக்காட்டும் படங்களை எந்த மனத்தோடு பார்ப்பது என்பது சிந்திக்கத் தக்க ஒன்றே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். திரைப்படம் வரலாற்று நூலன்று. நாற்பது ஆண்டு நிகழ்ச்சிகளை மூன்று மணி நேரத்தில் அடக்க வேண்டிய கலை அது. இரண்டு போர்களை ஒன்றாக்குவதும், மூன்று அமைச்சர்களை ஒருவராக்குவதும், எவரும் கேட்டிராத உரையாடலை எழுதிச் சேர்ப்பதும் அக்கலைக்குத் தவிர்க்க இயலாதவை. அக்காலத்துச் சரித்திர நூல்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல. போர்க்களத்தில் தளபதி ஆற்றிய உரை என்று அவற்றில் காணப்படுவதில் பெரும்பகுதி, எழுதியவரின் சொல்லாற்றலே அன்றி, நின்று கேட்டுப் பதித்ததன்று. ஆகவே வாளின் பிடி அந்த நூற்றாண்டுக்கு உரியதன்று, தலைக்கவசம் நூறாண்டு பிந்தியது என்று படம் முழுவதும் குற்றம் எண்ணிக் கொண்டிருப்பவர் வரலாற்றிற்குப் பெருந்தொண்டு எதனையும் செய்துவிடுவதில்லை.

அன்றியும், நூல் தராத ஒன்றைப் படம் தருகின்றது. ஹிஜ்ரி 583, அதாவது 1187ஆம் ஆண்டு, ஜூலை 4ஆம் நாள் ஹித்தீன் களத்தில் சிலுவைப் போர் வீரர்களின் படை தாகத்தால் தளர்ந்து அழிந்தது என்பதை நாம் ஒரு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். இரும்புச் சட்டை அணிந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள், நீரில்லாத மேட்டு நிலத்தில், கோடை வெயிலில் தள்ளாடி நடப்பதைத் திரையில் கண்ட பிறகே அந்த ஒரு வரியின் கனம் நமக்குப் புரிகின்றது. கோட்டை மதிலை நோக்கி மரக்கோபுரத்தை உருட்டிச் செல்வதற்கு எத்தனை தோள்கள் வேண்டும் என்பதும் அவ்வாறே. இறந்த காலம் உயிருள்ள மனிதர்கள் வாழ்ந்த காலம் என்ற உணர்வை ஊட்டும் கலையைப் பழிப்பதற்கில்லை. அந்த மகிழ்ச்சி குற்றமற்ற மகிழ்ச்சியே.

அவ்வாறாயின் குற்றம் எங்கே தொடங்குகின்றது? மறைந்துபோன மனிதர்களின் நற்பண்பையும் தீப்பண்பையும் படம் மாற்றி எழுதும் இடத்தில்தான் தொடங்குகின்றது. உடையை மாற்றினால் எவருக்கும் அநீதியில்லை. ஒருவர் செய்யாத கொடுமையை அவர்மேல் சுமத்தினாலோ, அவர் செய்த கொடுமையைத் துடைத்துவிட்டாலோ, பேச இயலாத யாரோ ஒருவருக்கு அநீதி நேர்ந்துவிடுகின்றது.

இதில் ஒரு வகையை நாம் உடனே கண்டுகொள்கிறோம். 2018இல் வெளிவந்த 'பத்மாவத்' என்னும் இந்திப் படம் அலாவுத்தீன் கில்ஜியை இறைச்சியைக் கிழித்துத் தின்னும் காட்டு விலங்கைப் போலக் காட்டியது. சித்தூர்க் கோட்டை 1303இல் வீழ்ந்தது உண்மை. ஆனால் அரசி பத்மினியின் கதையோ, அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், 1540ஆம் ஆண்டளவில் மாலிக் முஹம்மத் ஜாயஸி என்னும் சூஃபிக் கவிஞர் அவதி மொழியில் இயற்றிய காவியத்தால் புகழ்பெற்றது. முற்றுகையின்போது சுல்தானோடு உடன் சென்றிருந்த அமீர் குஸ்ரோ தம் வரலாற்று நூலில் பத்மினி என்ற பெயரைக் குறிப்பிடவில்லை. அங்காடியில் தானியத்திற்கும் துணிக்கும் விலை நிர்ணயித்து நடைமுறைப்படுத்திய ஆட்சியாளர் என்னும் செய்திக்கு அப்படத்தில் இடமில்லை. இத்தகைய படத்தைக் கண்டு நாம் வருந்துகிறோம், கண்டனம் எழுதுகிறோம். அது நியாயமே.

ஆனால் அதே நியாயத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலாவுத்தீனின் விலைக் கட்டுப்பாட்டை நமக்கு விரிவாக எழுதி வைத்த ஸியாவுத்தீன் பரனீயே, அவர் 1296இல் தம் சிறிய தந்தையும் மாமனாருமாகிய சுல்தான் ஜலாலுத்தீனைக் கொல்வித்து அரியணை ஏறியதையும் எழுதியிருக்கிறார். திரை காட்டிய விலங்கும் பொய். நம்மில் சிலர் அதற்கு மறுமொழியாகக் கட்டி எழுப்பும் மாசற்ற மன்னரும் பொய். நம்மை இழிவுபடுத்தும் பொய்யைப் பிடிப்பதற்கு வரலாற்று அறிவு அதிகம் வேண்டியதில்லை. தன்மான உணர்வே போதும். நம்மை உயர்த்திப் பேசும் பொய்யின் முன்னர்தான் வரலாற்று நேசர் சோதிக்கப்படுகிறார்.

அதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2005இல் ரிட்லி ஸ்காட் இயக்கி வெளிவந்த 'கிங்டம் ஆஃப் ஹெவன்' என்னும் ஆங்கிலப் படம், பைத்துல் முகத்தஸை ஸலாஹுத்தீன் மீட்ட வரலாற்றைக் கூறுகின்றது. அவர் பாத்திரத்தை ஏற்றவர் சிரியா நாட்டு நடிகர் கஸ்ஸான் மஸ்ஊத். கண்ணியம் நிறைந்த நடிப்பு. மேலைநாட்டுப் படங்களில் முஸ்லிம் தலைவர் ஒருவர் இவ்வளவு மேன்மையோடு காட்டப்பட்டது அரிது. படத்தின் இறுதியில், வெற்றி பெற்ற நகரில் நடந்து செல்லும் சுல்தான், கீழே விழுந்து கிடக்கும் சிலுவை ஒன்றைக் குனிந்தெடுத்து மேசை மீது நிமிர்த்தி வைக்கிறார். பெய்ரூத் நகரத் திரையரங்கில் இக்காட்சியைக் கண்ட மக்கள் எழுந்து நின்று கைதட்டினர் என்று ஆங்கிலப் பத்திரிகையாளர் ராபர்ட் ஃபிஸ்க் அப்போது எழுதினார். அந்த மக்களின் உள்ளம் புரிந்துகொள்ளக் கூடியதே. உள்நாட்டுப் போரில் பதினைந்தாண்டுகள் எரிந்த நகரம் அது.

இனி வரலாற்றாசிரியர்களைக் கேட்போம். இங்கே கேட்க வேண்டியவர்கள் பகைவர்கள் அல்லர். இப்னுல் அஸீரும், சுல்தானின் செயலாளராக அருகிலேயே இருந்த இமாதுத்தீன் இஸ்ஃபஹானியும் ஆவர்.

1187 அக்டோபர் 2ஆம் நாள் நகரம் சரணடைந்தது. குப்பத்துஸ் ஸக்ராவின் உச்சியில் நின்ற பொன்முலாம் பூசிய பெரிய சிலுவையைச் சுல்தானின் வீரர்கள் ஏறித் தள்ளினர். அது விழுந்தபோது முஸ்லிம்கள் தக்பீர் முழங்கினர். ஃபிராங்கியர் துயரத்தால் அலறினர். அவ்வோசையின் பெருக்கத்தை இப்னுல் அஸீர் வருணிக்கிறார். படத்தில் எழுந்து நின்ற சிலுவை வரலாற்றில் வீழ்ந்த சிலுவை.

மேலும், படத்தில் சுல்தான் நகர மக்கள் அனைவரையும் எந்த ஈடுமின்றிப் பாதுகாப்போடு அனுப்பி வைக்கிறார். வரலாற்றிலோ விடுதலைக்கு விலை இருந்தது. ஆணுக்கு 10 தீனார், பெண்ணுக்கு 5 தீனார். செலுத்துவதற்கு 40 நாள் தவணை. இயலாத ஏழைகளுக்காக 30,000 தீனார் மொத்தமாகச் செலுத்தப்பட்டது. அதன் பிறகும் மீட்க ஆளின்றி ஏறத்தாழ 15,000 பேர் எஞ்சினர் என்றும், அவர்கள் அடிமைகளாயினர் என்றும் இமாதுத்தீன் எழுதுகிறார். அதனை அவர் வருத்தத்தோடு எழுதவுமில்லை.

உடன்பாடும் எளிதில் வந்ததன்று. 1099இல் அவர்கள் நகரைக் கைப்பற்றியபோது செய்த படுகொலைக்கு ஈடாக வாளாலேயே நகரை வெல்வேன் என்று சுல்தான் முதலில் மறுத்தார். அவ்வாறாயின் எங்களிடம் கைதிகளாக உள்ள முஸ்லிம்களைக் கொன்று, குப்பத்துஸ் ஸக்ராவையும் மஸ்ஜிதுல் அக்ஸாவையும் இடித்துவிட்டே வெளியில் வந்து மடிவோம் என்று நகரத்துக் காவலர் பாலியன் கூறிய பின்னரே, சுல்தான் தம் ஆலோசகர்களைக் கலந்து இணங்கினார். அந்தப் பாலியனும் படம் கூறுவது போல் பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த கொல்லர் அல்லர். அந்நாட்டிலேயே வேரூன்றிய இபெலின் பிரபுக் குலத்தவர். முன்னாள் மன்னரின் விதவையான அரசி மரியாவை மணந்தவர்.

இவற்றையெல்லாம் எடுத்துரைப்பதால் சுல்தானின் பெருமையைக் குறைக்கிறோமா? உற்று நோக்கினால் அதற்கு மாறானதே விளங்கும். சுல்தானின் சகோதரர் ஆதில், அடிமைப்படவிருந்த 1,000 பேரைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்று விடுதலை செய்தார். நகரத்துக் கிறிஸ்தவப் பெருங்குரு ஹெராக்ளியஸ், தமக்குரிய 10 தீனாரை மட்டும் செலுத்திவிட்டு, தேவாலயங்களின் பொற்குவியலோடு வெளியேறினார். அவர் சுமந்து சென்ற செல்வம் எத்தனையோ ஏழைகளை மீட்டிருக்கும். அதனைப் பறிமுதல் செய்யுமாறு அருகிலிருந்தோர் வற்புறுத்தினர். சுல்தான் மறுத்தார். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்கே என்று நின்றார். புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடித்துவிட வேண்டும் என்று சிலர் கூறியபோதும் அவர் அதற்கு இணங்கவில்லை.

மன்னித்துவிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத மனிதராகப் படம் அவரைக் காட்டுகின்றது. பழிவாங்கும் ஆசை உள்ளத்தில் எழுந்த பின்னும், படையும் ஆலோசகரும் தூண்டிய பின்னும், தம் கருவூலத்திற்கு இழப்பு நேர்ந்த பின்னும், வாக்கு மீறாத மனிதராக வரலாறு காட்டுகின்றது. இவ்விருவரில் யார் பெரியவர்? போராடாமல் வந்த பொறுமைக்கு விலை குறைவு. படத்துச் சுல்தான் நம் உள்ளத்தைக் குளிர்விக்கிறார். வரலாற்றுச் சுல்தானோ நமக்கு வழி காட்டுகிறார். அவரும் தம் காலத்தின் மனிதரே. அடிமை முறையை அக்காலத்தவர் அனைவரையும் போல் ஏற்றுக் கொண்டிருந்தவர். அந்த எல்லையையும் சேர்த்தே அவரை அறிய வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தப் 15,000 பேரை நாம் மறந்துவிடலாகாது. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் பெண்களும் குழந்தைகளும். ஓர் எண்ணிக்கையாக மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். படம் அந்த எண்ணிக்கையையும் அழித்துவிட்டது. நம் சுல்தானின் புகழுக்காக அவர்களை மறைத்துவிட நாம் உடன்பட்டால், 1099இல் அந்நகரில் வெட்டுண்ட முஸ்லிம்களையும் யூதர்களையும் பிறர் மறக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை நமக்கு எவ்வாறு இருக்கும்?

இங்கே ஒரு மறுப்பு எழும். "முஸ்லிம்களை வன்முறையாளராகவே காட்டும் திரையுலகில் ஒரு நல்ல சித்திரம் வந்திருக்கிறது. அதையும் குறை கூற வேண்டுமா?" என்று கேட்பர். இம்மறுப்பில் வலிமை உண்டு. ஓயாமல் இழிவுபடுத்தப்படும் ஒரு சமூகம் சற்றே மூச்சு விட்டுக்கொள்ளும் உரிமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், அந்த நல்ல சித்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெருந்தன்மை மிக்க ஸலாஹுத்தீன் என்னும் உருவத்தை ஐரோப்பா நெடுங்காலமாகத் தன் தேவைக்கேற்ப வரைந்து வந்திருக்கிறது. 1779இல் ஜெர்மானிய ஆசிரியர் லெஸ்ஸிங், தம் நாட்டு மதச் சண்டைகளுக்குப் பாடம் புகட்ட அவரைத் தம் நாடகத்தில் பாத்திரமாக்கினார். 1825இல் வால்டர் ஸ்காட் 'தி டாலிஸ்மன்' என்ற நாவலில் அவரை வீரப் பண்பின் இலக்கணமாக்கினார். 2005ஆம் ஆண்டுப் படமும், ஈராக் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மேலைநாட்டவர் தம்மவர்க்குச் சொல்ல விரும்பிய அறிவுரையே. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் பிறர் அன்பளிப்பாகத் தந்த பெருமையைப் பிறரே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும். சான்றோடு கூடிய பெருமையை எவரும் பறிக்க இயலாது.

பிறர் மட்டுமே இவ்வாறு செய்கின்றனர் என்பதும் இல்லை. 1963இல் எகிப்தில் யூஸுஃப் ஷாஹீன் இயக்கிய 'அந்நாஸிர் ஸலாஹுத்தீன்' என்னும் படம் அரபுலகில் பெரும்புகழ் பெற்றது. தலைப்பிலேயே அன்றைய அதிபர் நாஸிரின் பெயர் ஒலிக்கிறது. திக்ரீத்தில் குர்து இனக் குடும்பத்தில் பிறந்த சுல்தான், அப்படத்தில் அரபு ஒற்றுமையின் தலைவராகிறார். அதில் ஈஸா என்னும் கடல் வீரர் அரபுக் கிறிஸ்தவராகக் காட்டப்படுகிறார். அரபு முஸ்லிமும் அரபுக் கிறிஸ்தவரும் ஒரே நாட்டின் மக்கள் என்பதை வலியுறுத்தவே இந்த ஏற்பாடு. எவ்வளவு உயர்ந்த நோக்கம்!

ஆனால் உண்மையான ஈஸாவைச் சுல்தானின் நண்பர் பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் நமக்கு அறிமுகம் செய்திருக்கிறார். அவர் ஒரு முஸ்லிம் நீச்சல் வீரர். அக்கா நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, பொற்காசுப் பைகளையும் கடிதங்களையும் இடையில் கட்டிக்கொண்டு, எதிரிக் கப்பல்களின் அடியில் மூழ்கி இரவில் நகருக்குள் சென்றுவிடுவார். போய்ச் சேர்ந்ததும் ஒரு புறா பறந்து வந்து செய்தி தெரிவிக்கும். ஓரிரவு புறா வரவில்லை. சில நாள் கழித்து அக்கா நகரின் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. இடையில் பொற்காசுகளும் கடிதங்களும் அப்படியே இருந்தன. உயிரோடு இருந்தபோது ஏற்ற அமானிதத்தை இறந்த பின்னும் ஒப்படைத்த இத்தகைய மனிதரைக் கண்டதில்லை என்னும் கருத்தை வியப்போடு பதிக்கிறார் பஹாவுத்தீன். இந்த ஏழை நீச்சல்காரரின் கதையைவிட அழகிய கதையை எந்தப் படக் கதாசிரியர் எழுதிவிட முடியும்? நல்ல நோக்கத்திற்காகச் சொன்ன பொய்யும், இருந்த ஒரு மனிதரைத் துடைத்துவிட்டுத்தான் சொல்லப்பட்டது.

இந்நோய்க்கு நம் முன்னோர் மருந்து அறிந்திருந்தனர். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும் அது இனிக்கிறதா என்று பார்க்கவில்லை. யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார் என்று பார்த்தனர். 1377இல் தம் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், சரித்திரத்தில் பொய் புகும் வாயில்களை வரிசைப்படுத்தியபோது, கட்சிப் பற்றை முன்னே வைத்தார். ஒரு கொள்கையின்பால் சாய்ந்த மனம் தனக்கு இணக்கமான செய்தியை ஆராயாமல் உடனே ஏற்றுக்கொள்ளும். அச்சாய்வு அறிவின் கண்ணை மூடிவிடும் என்பது அவர் கருத்தின் சாரம். பகைவர் சொல்லும் பொய்யைவிட, நம் சாய்வுக்கு ஏற்ற பொய்யே ஆபத்தானது என்று அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் எச்சரித்துவிட்டார்.

இதனால் படம் பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமோ எனில், வேண்டியதில்லை. உண்மையை அறிந்தவருக்கு இரட்டை மகிழ்ச்சி காத்திருக்கிறது. ஒவ்வொரு வரலாற்றுப் படமும், தான் காட்டும் காலத்தைவிடத் தான் எடுக்கப்பட்ட காலத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றது. ரஷ்ய இயக்குநர் ஐஸன்ஸ்டைன் 1938இல் எடுத்த 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி', 1242இல் உறைந்த ஏரியின் மீது ஜெர்மானிய வீரர்களை ரஷ்யர்கள் முறியடித்த கதை. 1939 ஆகஸ்டில் ஹிட்லருடன் ஸ்டாலின் உடன்படிக்கை செய்ததும் அப்படம் திரையரங்குகளிலிருந்து மறைந்தது. 1941இல் ஜெர்மனி படையெடுத்ததும் மீண்டும் திரைக்கு வந்தது. நடுவில் 1242ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் மாறவில்லை. 1939 மாறிற்று, 1941 மாறிற்று. இவ்வாறு நோக்கினால், பொய்யும் ஒரு சான்றாகிவிடுகிறது. 'முகலே ஆஸம்' படத்தையும் அவ்வாறே சுவைக்கலாம். 1960இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு 'அக்பர்' என்ற பெயரில் தமிழிலும் வந்த படம் அது. அக்பர் நாமாவிலோ ஜஹாங்கீரின் தன்வரலாற்றிலோ இல்லாத அனார்கலி, புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் கனவுகளைப் பேசினாள் என்று அறிந்து பார்த்தால், கண்ணுக்கும் விருந்து, சிந்தனைக்கும் விருந்து.

ஆகவே படத்தை மகிழ்ந்து பார்ப்பதில் தவறில்லை. அதனையே சாட்சியமாகக் கொள்வதில்தான் தவறிருக்கிறது. திரையரங்கிலிருந்தோ வீட்டுத் தொலைக்காட்சியின் முன்னிருந்தோ எழும்போது, பெற்றோர் பிள்ளைகளோடு மூன்று கேள்விகளைப் பேசலாம். இப்படத்தை எடுத்தவர் யார், எந்த ஆண்டில், யாருக்காக எடுத்தார்? அக்காலத்தில் வாழ்ந்தவர் இந்நிகழ்ச்சியைப் பற்றி என்ன எழுதினார்? நம் மனத்தை மிகவும் மகிழ்வித்த காட்சி எது, அது நடந்ததுதானா? மூன்றாவது கேள்வியே முக்கியமானது. நமக்குக் கோபமூட்டிய காட்சியைச் சரிபார்க்க நம்மை யாரும் தூண்ட வேண்டியதில்லை. கைதட்டத் தூண்டிய காட்சியைச் சரிபார்ப்பதற்கே நேர்மை வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, "அந்தச் சிலுவைக் காட்சி நடந்ததில்லையாம், ஆனால் அந்தப் பெருங்குருவின் பொன்னைச் சுல்தான் தொடாமல் விட்டது நடந்ததாம்" என்று சொல்லுமானால், அப்பிள்ளை ஒரு பொய்யை இழந்து ஓர் உண்மையைப் பெற்றிருக்கிறது. அதற்கு ஒரு படம் வாயிலாக அமைந்தது என்றால் அந்தப் படத்திற்கும் நன்றி கூறலாம்.

மறைந்தவர்களின் வாழ்வு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அமானிதம். அதில் பொற்காசும் இருக்கும். படிக்க விரும்பாத கடிதமும் இருக்கும். பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கடலில் எறிந்துவிட நமக்கு உரிமையில்லை. இரண்டையும் அடுத்த தலைமுறையின் கையில் குறையாமல் சேர்ப்பதே நம் கடமையாகும்.